மண்டபச் சாவியைக் கொடுங்கள்

எங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் சமூக மண்டப நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம், எங்கள் தையல் வகுப்பு நடந்த மண்டபக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. தையல் வகுப்பு நடந்தால் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட முடியவில்லை என்றீர்கள். மூன்று மனு கொடுத்தோம், பதில் இல்லை. மகளிர் தினமான மார்ச் 8 அன்று அதே கதவைத் திறந்து, பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பேசினீர்கள். மறுநாள் மீண்டும் பூட்டு.

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எட்டு இயந்திரங்களும் சுவரோரம் கிடக்கின்றன. அவற்றில் ஐந்து, நாங்கள் மாதக் கூட்டுச் சீட்டு பிடித்து வாங்கியவை. மூன்றாவது இயந்திரத்தின் ஊசிக்கடியில் ஒரு ரவிக்கை. ஒரு கை வைத்தாயிற்று, மறு கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முதன்முதலாகக் கூலிக்கு எடுத்த துணி அது. வாங்கிய முன்பணம் 10 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது விடியற்காலையில் லாரி ஏறி, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். ஊசி பிடித்த விரலில் செம்பனை முள் ஏறிச் சீழ் பிடித்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் அவருக்கு இன்றும் மூட்டைக் கணக்குதான்.

வீட்டிலேயே தைக்கலாமே என்று கேட்டார் உங்கள் குழுவில் ஒருவர். லயத்து வீட்டில் பாய் விரித்தால் நடக்கவே இடமில்லை, ஐயா. மண்டபத்தில் உட்கார்ந்த அந்த இரண்டு மணி நேரம்தான் யாருக்கும் தேநீர் போடாமல் எங்களுக்காக நாங்கள் இருந்த நேரம்.

மலேசிய இந்தியப் பெண்களுக்கென்றே 2024இல் 5 கோடி ரிங்கிட்டில் 'பெண்' கடன் திட்டம் வந்தது. அதை நடத்தும் அமானா இக்தியார் நிறுவனம் 1987 முதல் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஈடு கேட்காமல் கடன் கொடுத்து வருகிறது. குழுவாகக் கூட ஓர் இடம் வேண்டாமா? விண்ணப்பப் பாரம் நிரப்ப ஒரு மேசை வேண்டாமா? கோலாலம்பூரில் அறிவிக்கும் பணம் எங்கள் ஊர்ப் பூட்டைத் தாண்டி எப்படி வரும்? ஐம்பது வயதுவரை ரப்பர் மரம் சீவிய எங்கள் அம்மாமார், கையில் ஒரு தொழிலும் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் அதுவேதானா?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: செவ்வாய், வியாழன் மாலை 5 மணி முதல் 7 மணி வரை மண்டபச் சாவி. மின்கட்டணத்தில் எங்கள் பங்கைக் கட்டுகிறோம். கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் போவோம். கல்யாண நாளில் வகுப்பு வைக்க மாட்டோம்.

வருகிற செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கு மண்டப வாசலில் இருப்போம். தயவுசெய்து சாவியோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தையல் வகுப்புப் பெண்கள் சார்பாக ஒருத்தி