சந்தாவும் சொந்தமும்

ஐயா,

பரஸ்பர உதவிச் சங்கங்களின் காலம் முடிந்துவிட்டது என்ற தங்கள் தலையங்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1868இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் தொடங்கிய சங்கத்தில், உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். இன்று அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் செய்கின்றன, சரி. ஆனால் என் அப்பா இறந்தபோது சங்கத்துக்காரர்கள் இருவர் வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு படிவத்தையும் அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துத் தந்தார்கள். எந்த பாலிசியில் இது வரும்?

இளைஞர்கள் சேராததுதான் உண்மையான சிக்கல். சங்கங்கள் கணக்கை வெளிப்படையாக வைத்து, நிர்வாகக் குழுவில் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில இடங்களையாவது ஒதுக்க வேண்டும்.

– ஒரு சங்க உறுப்பினர்