குருத்து நனையாமல்

பேர்ண், சுவிட்சர்லாந்து,
ஜனவரி 2025

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம். பனிக்குள் பனை நிற்கும் படத்தை நம்ப முடியவில்லை என்று ஐயா எழுதியிருந்தீர்கள். உண்மையாகவே நிற்கிறது. ஆனால் அது நம் பனை இல்லை, சீனத்திலிருந்து வந்த இனம். ஓலை விசிறி போலத்தான் விரியும். அடிமரத்தில் பழுப்புத் தும்பு சுற்றியிருக்கும். பன்னாடையை உரித்து வரிந்துவிட்டது போலிருக்கும். சீனத்தில் அந்தத் தும்பில் கயிறு திரிப்பார்களாம், மழைக்குப் போர்த்துகிற மேலங்கியும் செய்வார்களாம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 2019இல் வாங்கி வந்த அன்று அந்தத் தும்பைத்தான் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

நன்றாக வேர்விட்ட மரம் மைனஸ் 10 பாகைக்குக் கீழேயும் தாங்கும். இளங்கன்றுக்கு அந்தப் பலம் இல்லை. முதல் குளிர்காலத்தில் பயந்துபோய் பொலித்தீனால் தலையோடு மூடிக் கட்டி, மூன்று மாதம் திறக்காமலே விட்டேன். மார்ச்சில் அவிழ்த்தபோது உள்ளே புழுங்கிய வாடை. நடுக்குருத்தை மெல்லப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து வழுவழுவென்றிருந்தது. குருத்துப் போனால் மரம் போனது என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டு அங்கேயே அழுதேன். பிறகு அந்தக் குழிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினேன், நுரைத்துப் பொங்கியது. பஞ்சால் ஈரத்தை ஒற்றியெடுத்து, மழை படாமல் மேலே ஒரு மறைப்பு வைத்தேன். ஜூலையில் நுனி அறுந்த அரை ஓலை ஒன்று வெளியே வந்தது.

குளிரை விட, குருத்துக்குள் நின்று உறைகிற தண்ணீர்தான் எமன் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இப்போது இலையுதிர் காலத்தில் காய்ந்த நாளாகப் பார்த்து ஓலைகளைச் சேர்த்துக் கட்டுகிறேன். அடியில் வைக்கோலும் சருகும் இரண்டு சாண் உயரத்துக்கு. நிலம் உறைந்தால் வேர் நீர் உறிஞ்சாது, மேலே வெயில் மட்டும் ஓலையை உலர்த்தும். அதற்குத்தான் இந்த மெத்தை. கடுங்குளிர் நாட்களில் மட்டும் காற்றுப் புகும் மெல்லிய துணியைச் சுற்றி, உள்ளே சூடாகும் பழையவகை மின்குமிழ்ச் சரத்தை விடுகிறேன். எல்ஈடி விளக்கில் அந்தச் சூடு இல்லை. குளிர் குறைந்த அன்றே அவிழ்த்துவிடுவேன்.

இன்னொன்று. 2024 செப்டம்பரிலிருந்து இந்தப் பனையை இங்கே விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது என்று சட்டம். நட்டிருப்பதை வைத்திருக்கலாம். முதலில் மனம் நொந்தது. அங்கே நீங்கள் பனங்கொட்டை பொறுக்கிப் புதைத்து வடலியாக்குகிறீர்கள், இங்கே தங்கைக்கு ஒரு கன்று கொடுக்க வழியில்லை. ஆனால் இந்நாட்டின் தெற்கே திச்சீனோ மாநிலத்தில் கஷ்கொட்டைக் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். பறவைகள் பழத்தைத் தின்று விதை போட்டு, காட்டின் அடியெல்லாம் இந்தப் பனங்கன்றுகளே. அங்கே முளைக்கவேண்டிய மரங்களுக்கு இடமில்லை. சட்டம் சரிதான் ஐயா. என் மரம் பூத்தால் காய் பிடிக்குமுன் பூங்குலையை வெட்டிவிடுவேன்.

இன்றிரவு மைனஸ் 9 என்கிறார்கள். துணியைச் சுற்ற வேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன். கிணற்றடி வடலி இப்போது எத்தனை ஓலை விட்டிருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மூத்த மகள்