செயலாளர் ஆண்டறிக்கை: மதுரை வெளி வீதிகளுக்குள் ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, குடிநீர் மனுக்களின் விவரம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது சாலைகளைப் பற்றித்தான். அதனால் அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மாசி மாதம் குடும்பங்களோடு ஊரைச் சுற்றி நடந்தோம். பெரியார் பேருந்து நிலையம் பக்கம் மிஞ்சி நிற்கும் கோட்டைக் கொத்தளத்தில் தொடங்கி விளக்குத்தூண் வரை போனோம். மதுரைக்குக் கோட்டை இருந்தது என்பதே பிள்ளைகள் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. மாசி வீதிகளுக்கு வெளியே, நாயக்கர் காலத்துச் சுவரும் அகழியும் ஊரை வளைத்து நின்றன. நெரிசலும் நோயும் பெருகிய அந்த ஊரை 1830-களின் இறுதியிலும் 1840-களிலும் திறந்துவிட்டவர் கலெக்டர் பிளாக்பர்ன். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த மனை என்றார், ஜனங்களே இடித்தார்கள். அகழிப் பக்கம் வெளி வீதிகள் ஆயிற்று. வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்களைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்னும் சுமக்கின்றன. பிளாக்பர்னின் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண்.

புது வீதிகள் மீனாட்சி கோயிலைச் சுற்றிய பழைய சதுர வீதிகளை அறுக்கவில்லை, அவற்றைச் சுற்றியே போயின. சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் தப்பியது அதனால்தான். தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது. சாலை போடுவதில் இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் எனக்குத் தெரியவில்லை.

1875-இல் ரயில் வந்தபின் ஊரின் முகம் மேற்கே திரும்பியது. கிழக்கே அம்மன் சன்னதி வாசல் இருக்க, வெளியூர்க்காரர்கள் ஸ்டேஷனில் இறங்கி டவுன்ஹால் ரோடு வழியாக மேலக் கோபுரத்துக்கு வந்தார்கள். லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும் அந்தப் பாதையிலேயே பெருகின. அப்புறம் 1880-களின் இறுதியில் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலம் ஊரை வைகைக்கு வடகரை நோக்கி இழுத்தது.

நம் காலத்தில் ஊர் நடுவிலிருந்து ஆட்கள் வெளியேறுகிறார்கள். 1999-இல் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வந்ததும் வெளியூர் பஸ்கள் அங்கே போயின. பிறகு சென்ட்ரல் மார்க்கெட்டும் போனது. வடக்கு ஆவணி மூல வீதியில் அது இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வாகன நிறுத்தம். காய்கறி வாங்க வந்த கூட்டத்தை நம்பிப் பிழைத்த சின்னக் கடைகளுக்கு அந்தக் கட்டடத்தால் ஒன்றும் கிடைப்பதில்லை என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். சித்திரை வீதிகளில் வண்டி இல்லாதது பெரிய நிம்மதிதான். ஆனால் அந்த வண்டிகளெல்லாம் மாசி வீதி ஓரத்தில் நிற்கின்றன. வயதானவர்கள் நடுரோட்டில் நடக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில் பல சந்துகளில் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. மழை பெய்தால் சாக்கடையோடு தண்ணீர் உள்ளே வருகிறது. உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஒரு சந்தில் மட்டும் சுரண்டிவிட்டுப் போட்டார்கள். அங்கே இந்த மழைக்கு வீடுகளில் தண்ணீர் ஏறவில்லை. மற்ற சந்துகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. விடாமல் கேட்போம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். எந்தச் சந்திலும் சுரண்டாமல் தார் போட விடுவதில்லை. மாசி வீதிகளில் நடைபாதையை நடப்பவர்களுக்கே விடச் சொல்லி மனு கொடுப்பது. கொத்தளத்தின் அருகே அதன் வரலாற்றைச் சொல்லும் தமிழ்ப் பலகை வைக்க அனுமதி கேட்பது. செலவைச் சங்கமே ஏற்கலாம். பழைய வீதிகளின் போட்டோ வீட்டில் வைத்திருப்பவர்கள் நகல் எடுத்துக்கொள்ளக் கொடுத்து உதவுங்கள்.

சபை இந்த அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்