எங்கள் வேலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களுக்கு,

திருகோணமலையில் புற்றுநோயாளரைப் பராமரிக்கும் தாதியர் நாங்கள். சிகிச்சை முடிந்து வீடு போகிறவர்கள் வாட்டில் நிற்கும் எங்கள் கைகளைத்தான் பிடித்து நன்றி சொல்கிறார்கள். அந்த நன்றியில் பெரும்பங்கு உங்களுக்குச் சேரவேண்டியது. பெயர்களை வெளியிட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். வேறு ஊர்களில் இதே வேலை செய்யும் தாதியருக்கும் அது உதவட்டும்.

மருந்தாளர்களே, ஒக்ஸாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை 5 வீதக் குளுக்கோஸில் மட்டுமே கலக்கவேண்டும், சாதாரண சேலைனில், அதாவது உப்புக் கரைசலில், உள்ள குளோரைட்டு அந்த மருந்தைச் சிதைத்துவிடும் என்று காரணத்தோடு சொல்லித் தந்தீர்கள். காரணம் தெரிந்ததால்தான், குழாயைக் கழுவும்போதும் கை சேலைன் பக்கம் போவதில்லை. இந்த மருந்து ஏற்றியவருக்குச் சில நாட்கள் குளிர் ஆகாது. தொண்டை இறுகுவது போலிருக்கும், விரல் நுனிகள் கூசும். எங்கள் ஊர் வெயிலில் பார்க்க வருகிறவர்கள் ஆசையோடு ஐஸ் போட்ட ஜூஸ்தான் வாங்கி வருவார்கள். கட்டிலின் தலைமாட்டில் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கும் ‘குளிர்ந்தது கொடுக்கவேண்டாம்’ அட்டை உங்கள் யோசனை.

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை சிரிஞ்சில் தராமல் 50 மில்லிலீற்றர் சேலைன் பையில் கலந்து தருவதிலும் நீங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. நாளத்தில் ஏறவேண்டிய அந்த மருந்து தவறி முள்ளந்தண்டு ஊசியாகப் போனால் உயிரையே பறித்துவிடும். சிறிய சிரிஞ்ச் என்றால் மாறிப்போக இடமுண்டு. சேலைன் பையை முள்ளந்தண்டு ஊசியோடு பொருத்த யாருக்கும் தோன்றாது. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் விடுத்த எச்சரிக்கையிலும் இதைத்தான் சொன்னது.

தராசைச் சரிபார்த்துத் தரும் தொழில்நுட்பவியலாளருக்கும் இங்கேயே நன்றி. உயரத்தையும் நிறையையும் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடலின் மேற்பரப்பளவு வரும். 150 சென்ரிமீற்றர் உயரமும் 54 கிலோ நிறையும் உள்ளவருக்கு 1.5 சதுர மீற்றர். மருந்தின் அளவு அதிலிருந்து பிறக்கிறது. இரண்டு தாதியர் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆனால் தராசு சரிந்த தரையில் நின்றால் இருவரும் ஒரே பிழையைத்தான் சரியென்று ஒப்பமிடுவார்கள்.

மட்டக்களப்பிலிருந்தும் மகரகமையிலிருந்தும் விடுமுறை நாட்களில் வந்து வகுப்பெடுத்த மூத்த தாதிய அக்காமாரே, மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் என்ன செய்வது என்பதை நீங்கள் செய்துகாட்டிய விதம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. டொக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் கசிந்த இடத்தில் தசைவரை புண்ணாக்கக்கூடியவை. எரிகிறது என்று நோயாளி சொன்னால், ‘கொஞ்சம் எரியத்தான் செய்யும்’ என்று சமாதானம் சொல்லக்கூடாது. அந்தக் கணமே மருந்தை நிறுத்தவேண்டும். பதற்றத்தில் கை முதலில், நாளத்தில் செருகியிருக்கும் சிறு குழாயான கனுலாவைத்தான் பிடுங்கப் பார்க்கும். பிடுங்கவே கூடாது. அதே கனுலாவில் வெறும் சிரிஞ்சைப் பொருத்தி, உள்ளே நிற்கும் மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்த பிறகே அதைக் கழற்றவேண்டும். சேலைன் விட்டுக் கழுவிப் பார்ப்பதும் அழுத்தித் தேய்ப்பதும் மருந்தை இன்னும் பரப்பும். சிவந்த இடத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, நேரத்தை எழுதி, கையை உயர்த்தி வைத்து, டொக்டரை அழைக்கவேண்டும்.

டொக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், ஒருமுறைக்கு 20 நிமிடம், நாளுக்கு நான்கு முறை. வின்கிரிஸ்டினுக்கு அதற்கு எதிர்மாறாக உலர்ந்த சூட்டு ஒத்தடம். இது மாறினால் காயம் மோசமாகும். அதனால்தான் நீங்கள் அமைத்துத் தந்த பெட்டியில் நீலமும் சிவப்பும் ஆன இரண்டு பைகள், ஒவ்வொன்றின் மேலும் மருந்துகளின் பெயர்கள். முழங்கை மடிப்பிலும் புறங்கையிலும் கனுலா போடாமல் முன்கையைத் தேடும் பழக்கமும் உங்களிடமிருந்து வந்தது.

மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் பக்கங்களின் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கீமோ எனும் புற்றுநோய் மருந்து ஏற்றி ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால், வைத்தியசாலைக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோற்றிக் ஏறவேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்துநிற்கும் நிலை இல்லை. ஆனாலும் ‘பனடோல் போட்டு விடியும்வரை பார்ப்போம்’ என்று வீட்டில் கழியும் இரவுதான் பெரிய தூரம். பனடோல் சூட்டை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. நீங்கள் வீடு வீடாகப் போய்க் கலண்டரில் அந்த நாட்களை வட்டமிட்டீர்கள். தெர்மோமீற்றரைப் பார்க்கப் பழக்கினீர்கள். 38 பாகை செல்சியஸ், பரனைட் என்றால் 100.4; அதைத் தொட்டால் உடனே புறப்படவேண்டும், நடுக்கம் இருந்தால் சூடு இல்லாவிட்டாலும் புறப்படவேண்டும் என்று பிள்ளைகள்கூட ஒப்புவிக்கும்படி செய்துவிட்டீர்கள்.

அந்த இரவுகளில் அழைத்ததும் வரும் ஓட்டோ அண்ணாமாரே, வெளிநோயாளர் வரிசையில் நிறுத்தாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்து, ‘கீமோ நோயாளி, காய்ச்சல்’ என்ற அட்டையை நீங்களே எடுத்து நீட்டுகிறீர்கள். அதில் மிஞ்சும் நிமிடங்களின் விலை எங்களுக்குத் தெரியும்.

கடைத்தெருவில் தைத்துத் தரும் அக்காவுக்கு: மார்பக அறுவைக்குப் பின் வடிகுழாய்ப் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த பெண்கள், இப்போது உங்கள் பருத்திப் பையைத் தோளில் மாட்டி நடக்கிறார்கள். போத்தல் காயத்துக்குக் கீழே தொங்கவேண்டும், குழாய் இழுபடக்கூடாது என்று சொன்னபோது, ஆளுக்கேற்ப நீட்டிக் குறைக்கும் நாடாவை நீங்களே வைத்தீர்கள். அகற்றிய மார்பகத்துக்குப் பதிலாக உள்ளாடைக்குள் வைக்கும் துணி மார்பகத்தில் வெறும் பஞ்சு வைத்தால் பாரமில்லாமல் மேலே ஏறிவிடும். காயம் ஆறிய பின் பாரம் சேர்க்கப் பின்புறம் சிறு பை வைத்ததும் நீங்கள்தான்.

கீமோ ஏற்றிய பின் 48 மணித்தியாலம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வரும் என்பதை அறிந்து, இரட்டைக் கையுறையோடு துணிகளைத் தனியே பிரிக்கும் சுகாதார உதவியாளர்களுக்கும், கர்ப்பமான தாதியரை மருந்து கலக்கும் வேலையிலிருந்து விடுவிக்கத் தங்கள் முறையை மாற்றித் தந்த சக தாதியருக்கும் நன்றி.

வாட்டில் ஒருவர் இறந்த நாளில், வேலை முடிந்ததும் எங்களோடு வந்து அமரும் உளவளத்துணையாளருக்கு: நீங்கள் யாரையும் பேச வற்புறுத்தவில்லை. பேசாமல் தேநீர் குடித்துவிட்டு எழுந்து போனவர்களும் அடுத்த முறை வந்து அமர்ந்தார்கள். வீட்டிலேயே கண்மூட விரும்பியவர்களுக்காக வலி தணிக்கும் மோர்பினை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மலமிளக்கியோடு சேர்த்துக் கொடுக்கக் குடும்பத்தவரைப் பழக்கிய சமூகத் தொண்டர்களுக்கும், மரணத்துக்குப் பின் பத்திரங்களைத் தாமதமின்றிச் செய்து தந்த கிராம உத்தியோகத்தர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அன்றே நல்லடக்கம் செய்யவேண்டிய முஸ்லிம் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்த்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. காய்ச்சல் அட்டையைப் புதிதாக அச்சிடுகிறோம். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று மூதூரிலிருந்து சொன்னீர்கள், பெரிதாக்கிவிட்டோம். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் கிளினிக்குக்கு வரும்போது மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தெர்மோமீற்றரையும் கையோடு கொண்டுவரட்டும், பற்றரி பார்த்துத் தருகிறோம்.

அன்புடன்,
புற்றுநோய்ப் பராமரிப்புத் தாதியர்,
திருகோணமலை