பனியில் பத்து வாரம்

சூரிச்,
பிப்ரவரி 2

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கலன்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நான் அனுப்பிய படத்தில், இங்குள்ள உயிரியல் பூங்காவின் வெண்பனி மூடிய முற்றத்தில் யானை நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது ஓர் இரவு வெளியே போய்விட்டால் விடிவதற்குள் விறைத்துச் செத்துவிடாதா?" என்று கேட்டிருந்தாய். கால்நடை மருத்துவத்திலேயே வாழ்நாளைக் கழித்த நம் இருவருக்கும் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. மகள் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணினேன். இந்த ஊர்ப் பூங்காவில் முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. அதை உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆறாம் எண் டிராம் போய் நிற்கும் கடைசி நிறுத்தத்தில், சூரிச்பெர்க் என்னும் குன்றின்மேல் இந்த உயிரியல் பூங்கா இருக்கிறது. 1929இல் திறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933 அக்டோபரில் ஓர் இரவு, புதிதாக வந்து சேர்ந்திருந்த பெண் கருஞ்சிறுத்தை ஒன்று கூண்டிலிருந்து நழுவி வெளியேறிவிட்டது. பொறிகள் வைத்தார்கள், நாய்களை விட்டுத் தேடினார்கள், ஊரே கலங்கிப் போயிற்று. ஆயினும் பத்து வாரங்கள் அது யார் கையிலும் சிக்கவில்லை. டிசம்பரில், சூரிச் மாநிலமும் சங்க்ட் காலன் மாநிலமும் சந்திக்கும் எல்லைப்புறத்தில், ஒரு களஞ்சியத்தின் அடியில் அது பதுங்கியிருப்பதைக் கண்ட கூலித் தொழிலாளி ஒருவர், அதைச் சுட்டுக் கொன்று, இறைச்சியையும் சமைத்து உண்டுவிட்டார். உலகமெங்கும் வேலையின்றி மக்கள் வாடிய காலம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிறுத்தைக்காக மனம் இன்னும் வருந்துகிறது.

அந்தப் பத்து வாரங்களைப் பற்றித்தான் அடிக்கடி நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெப்பநாட்டிலிருந்து வந்த இனம். இந்த நிலத்தின் ஒரு மரத்தைக்கூட அறியாத விலங்கு. அக்டோபரில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் இரவு நீண்டு, குளிர் கூடிக்கொண்டே போன காலம். அதன் பதுங்கிடத்துக்கு அருகே ரோ மான்களின் எச்சங்கள் கிடந்தன என்று படித்தேன். இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள சிறிய மான் அது; நம் காட்டுச் சிறுத்தை கேளையாட்டை அடிப்பதுபோல எளிதாக அடித்திருக்கும். வயிறு நிறைய இறைச்சியும், காற்றும் ஈரமும் புகாத ஒரு மறைவிடமும் கிடைத்துவிட்டால், சிறுத்தைக்கு இந்தக் குளிர் பெரிதல்ல. ரஷ்யாவின் கிழக்கோரத்தில், பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரிவரை இறங்கும் காடுகளில் வாழும் அமூர் சிறுத்தையும், இலங்கைக் காட்டில் திரியும் சிறுத்தையும் ஒரே இனத்தின் கிளைகள் என்பது உனக்குத் தெரியாததல்ல. நீலகிரியில் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணைக்கு நம்மைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தபோது, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், வேலியோரம் சிறுத்தையின் காலடித் தடத்தைக் காவலாளி காட்டினாரே, நினைவிருக்கிறதா? நாம் இரண்டு கம்பளிகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அதுவோ இரவெல்லாம் அந்தப் பனியில்தான் நடந்திருக்கிறது.

பின்னாளில், 1954 முதல் 1973 வரை, இதே பூங்காவின் இயக்குநராக இருந்தவர் ஹைனி ஹெடிகர். மனிதன் எவ்வளவு நெருங்கினால் ஒரு விலங்கு விலகி ஓடும் என்பதை அளந்து, அந்தத் தொலைவுக்கேற்பக் கூண்டுகளை அமைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர் இந்தச் சிறுத்தையின் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார். தப்பி ஓடும் விலங்கு எங்கோ ஓரிடத்தை நாடிப் போவதில்லை, தன்னை அச்சுறுத்தும் ஏதோ ஒன்றிலிருந்து விலகித்தான் போகிறது, போன பிறகு அது முதலில் தேடுவது ஒளிந்துகொள்ள ஓர் இடத்தைத்தான் என்பது அவர் கருத்து. கோவில் திருவிழாவில் வெருண்டு ஓடிய யானையைத் தேடிப் போனபோது, அது தோப்பின் நடுவே அசையாமல் நின்றுகொண்டிருந்ததாக ஒருமுறை நீ எழுதியிருந்தாய். ஹெடிகர் சொல்வதும் அதைத்தான்.

புல் தின்னும் விலங்குகளின் நிலை சற்று வேறு. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு தனியார் பூங்காவிலிருந்து வெளியேறிய ஆஸ்திரேலிய வாலபிகள் (சிறிய கங்காரு வகை), பாறை மேடுகளில் குட்டி போட்டுப் பெருகிப் பல ஆண்டுகள் வாழ்ந்தன. 1962–63ஆம் ஆண்டின் கடுங்குளிர்காலத்தில் அவற்றில் பல மடிந்தன. குளிர் நேராகக் கொன்றதைவிட, வாரக்கணக்கில் மேய்ச்சலைப் பனி மூடிவிட்டதே அவற்றை அழித்திருக்கும் என்று நான் கருதுகிறேன். பசித்த வயிற்றில் சூடு ஏது?

இனி, நீ கேட்ட யானைக்கு வருகிறேன். உடல் பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு குறைந்துகொண்டே வரும். ஆகவே பேருடல் சூட்டை மெல்லத்தான் இழக்கும். 2012 டிசம்பரில், சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே, சர்க்கஸ் யானைகள் இரண்டை ஏற்றிச் சென்ற வண்டி தீப்பற்றிக்கொள்ள, பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியில் அவற்றை வெட்டவெளியில் இறக்க வேண்டியதாயிற்று. வெந்நீரில் வோட்காவைக் கலந்து கொடுத்தார்கள். இரண்டும் பிழைத்தன, காது நுனிகளில் மட்டும் பனிக்கடி. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் சூட்டையும் வெளியே போக்கிவிடும் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்கள் அல்லவா? அவற்றைக் காத்தவை உடற்பருமனும், விரைவில் கிடைத்த வெதுவெதுப்பான கொட்டகையுமே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே உன் யானை விடிவதற்குள் செத்துவிடாது. ஆனால் குளிர்நாட்டில் யானைக்கு வரும் உண்மையான கேடு கதவைச் சாத்தி வைப்பதில் இருக்கிறது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரப் பூங்காவில் மேகி என்னும் ஆப்பிரிக்க யானை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கூட்டத்தை இழந்த குட்டியாக 1983இல் அங்கே கொண்டுவரப்பட்டது. அதற்குத் துணையாக இருந்த ஆசிய யானை அனபெல், 1997இல் கால் புண்ணால் இறந்துவிட்டது. அதன்பின் மேகி தனியாக, நீண்ட குளிர்காலங்களைக் கொட்டகைக்குள் கான்கிரீட் தரையில் நின்றே கழித்தது. உடற்பயிற்சிக்கென்று 2005இல் பெரும் பொருட்செலவில் ஒரு நடைப்பொறி (டிரெட்மில்) செய்து வைத்தார்கள். மேகி அதில் நடக்க மறுத்துவிட்டது. 2007 மே மாதத்தில் இருமுறை படுத்துவிட்டு எழ முடியாமல் போக, தீயணைப்புப் படையினர் வந்து தூக்கி நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் அமெரிக்க விமானப்படையின் சி-17 விமானத்தில் ஏற்றி, கலிபோர்னியாவில் உள்ள சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மண்ணில் நடந்தும், மற்ற யானைகளோடு கூடியும், 2021 வரை உயிரோடு இருந்தது. இத்தனை ஆண்டுகள் அதற்கு மறுக்கப்பட்டது இவ்வளவுதான் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. கருங்கல் தளத்தில் நின்று நின்று பாதம் வெடித்த கோவில் யானைகளுக்கு நீ மருந்து கட்டிய நாட்களை நினைத்துக்கொண்டேன். அவை கடுங்குளிரையே அறியாதவை. நோய் மட்டும் அதே நோய்.

இந்த ஊர் யானைகளுக்கு 2014இல் ஒரு பெரிய கூடம் கட்டியிருக்கிறார்கள். மரத்தால் ஆன விரிந்த கூரை. உள்ளே மணல் தரை. நீந்தக் குளமும் இருக்கிறது. பனி பெய்யும் நாளிலும் வெளியே வந்து, துதிக்கையால் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, போதும் என்று தோன்றியதும் அவை தாமாகவே உள்ளே திரும்புவதைப் பேத்தியோடு ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அடுத்த வாரமும் போகிறோம். இந்த முறை முகத்தை விட்டுவிட்டு, முன்னங்கால் நகங்களும் பாதத்தின் ஓரமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்புகிறேன். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள். இடப்புற நடு நகத்தில் ஒரு கீறல் இருப்பதாக எனக்குத் தோன்றியது, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்