சேகருக்கு, ஸ்பீக்கர் விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்ததைக் கேட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அவளைப் பள்ளிச் சீருடையில் பார்த்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது என்கிறார். முட்டி வலியோடு தண்ணீர்மலைப் படி ஏறினாயாமே, அடுத்த வருஷம் கீழிருந்தே கும்பிட்டுக்கொள். இங்கே செந்தூலில் எல்லாரும் சுகம்.

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன். கையில் 4,000 வெள்ளி இருக்கிறது, கடைக்காரர் ஆளுயர டவர் ஒன்றைக் காட்டினார், பிடித்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பேன். இந்த விலையில் பெரிய பெட்டி என்றால் காசில் பாதி பலகைக்கே போய்விடும், உள்ளே கனமான சத்தம் தரும் ஊஃபரும் கீச்சுச் சத்தம் தரும் ட்வீட்டரும் சாதாரணமாகத்தான் இருக்கும். அதே காசில் புக்ஷெல்ஃப் என்கிற சின்னப் பெட்டியில் நல்ல ஜோடி, அதை ஓட்ட ஓர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), இரண்டு ஸ்டாண்டு எல்லாம் முடித்துவிடலாம்.

அதைவிட முக்கியம் உன் ஹால். தீபாவளிக்கு வந்தபோது கவனித்தேன், தரை முழுக்க டைல்ஸ், இரண்டு பக்கமும் வெறும் சுவர், முன்னால் கண்ணாடிக் கதவு. நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பார். தட்டிய சத்தம் முடிந்த பிறகும் மேலே கிணுகிணுவென்று ஒன்று ஓடும். நாதஸ்வரம் போட்டாலும் வயலின் போட்டாலும் அந்தக் கிணுகிணுப்பு கூடவே வரும், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் வரும். சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த கம்பளம், கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை, இந்த இரண்டுக்கும் முதலில் கொஞ்சம் காசை எடுத்து வை. நான் சொல்வதில் பாதியாவது கேட்பாய் என்றால் இதைக் கேள்.

எந்த மாடல் என்று கேட்டாய். வார்ஃப்டேல் டைமண்ட் 12.1, கெஃப் கியூ150, எலாக் டெபியூ பி6.2, இந்த வரிசையில் தேடு, புதுசோ பழசோ நல்ல நிலையில் கிடைத்தால் போதும். கெஃப்பில் ட்வீட்டர் ஊஃபரின் நடுவிலேயே இருக்கும், அதனால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாலும் குரல் அவ்வளவாக மாறாது, நாலு பேர் சேர்ந்து கேட்கிற வீட்டுக்கு அது நல்லது. ஆனால் அதற்கும் வார்ஃப்டேலுக்கும் காற்றுத் துளை பின்பக்கம், சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ், அதாவது அடித்தொனி, கும்மென்று வீங்கிவிடும், ஒரு முழமாவது முன்னால் தள்ளி வைக்க வேண்டும். உன் வீட்டில் அந்த இடம் இல்லை என்றால் எலாக் பார், அதன் துளை முன்பக்கம். அதற்காக அதையும் சுவரோடு ஒட்டிவிடாதே.

வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்காதே, அதுவும் பெட்டி மேல் பி.எம்.பி.ஓ என்று ஊதிப் பெருக்கிய வாட்ஸ் எண்ணை ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதே. கொடுக்கிற சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைக் காட்ட, சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் போட்டிருப்பார்கள், அதைப் பார். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். நான் சொன்ன மூன்றும் 86லிருந்து 88க்குள் வரும், உன் ஹாலுக்கு 40, 50 வாட்ஸ் உள்ள ஒழுங்கான ஆம்ப் தாராளம்.

கடையில் கேட்கும்போது அவர்கள் போடுகிற பாட்டை நம்பாதே. நீ தினமும் கேட்கிற பாட்டைக் கொண்டு போ, ஐம்பது அறுபதுகளின் பழைய பாட்டு ஒன்றாவது அதில் இருக்கட்டும். அவை பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான் வரும், எனவே கண்ணை மூடினால் பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். குரல் பரவலாகி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், பேஸும் காணாமல் போயிருந்தால், ஏதோ ஒரு பெட்டியில் சிவப்பு கறுப்பு ஒயர் மாறியிருக்கும், முதலில் அதைப் பார்க்கச் சொல். எதிரொலி சேர்த்து மெருகேற்றி விற்கிறார்களே, அந்தப் பதிவு இதற்கு ஆகாது. அப்புறம் ஒரு மிருதங்கத் தனி. இடது பக்கத் தொப்பியின் அடி ‘தொம்’ என்று விழுந்து நின்றுவிட வேண்டும், இழுத்துக்கொண்டே போனால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல், கொஞ்சம் கூட்டி வைத்ததுதான் காதுக்கு எப்போதும் இனிக்கும். வீட்டில் ராத்திரி கேட்பாயே, அந்த மெல்லிய அளவிலும் கேட்டுப் பார்.

பழசு வாங்கினால் பாதி விலைக்கே முடியும். பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலில் வார இறுதியில் பழைய பொருள் சந்தை போடுவார்கள், ஹை-ஃபை கடைகளும் அங்கேயே உண்டு. ஆனால் ஊஃபரைச் சுற்றியுள்ள வளையத்தைப் பார்க்காமல் காசை எடுக்காதே. அது ஸ்பாஞ்சு என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உளுத்துப்போகும். சில பெட்டிகளில் விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே கருப்பாகப் பொடி உதிர்வதைப் பார்த்திருக்கிறேன், வெளியே மரப்பலகை பளபளவென்று புதுசு போலவே இருக்கும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும்.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு இங்கே வருகிறாய் அல்லவா, ஒரு நாள் முன்னாடியே வந்துவிடு. சனிக்கிழமை காலையில் எல்.ஆர்.டி பிடித்துத் தாமான் ஜெயாவில் இறங்கினால் பக்கத்திலேயே மால், இரண்டு பேரும் பொறுமையாக உட்கார்ந்து கேட்கலாம். அதற்குள் ஹாலின் நீள அகலத்தையும், டிவி மேசைக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும், சோபாவில் உட்கார்ந்தால் உன் காது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதையும் அளந்து அனுப்பு. ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வர வேண்டும், ஸ்டாண்டை அதற்குத் தகுந்தபடி நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி