பின்பனிக்கால ஒளியும் ஆற்றுப் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆற்றுக் காட்சிகளைப் படமெடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, கேமராவைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஒளியைப் பற்றிப் பேசவில்லை. பின்பனிக் காலத்தின் காலை, மாலை வேளைகளில் சூரியன் தாழ்வாக இருப்பதால், கரையில் கிடக்கும் கூழாங்கல்லுக்குக்கூட நீண்ட நிழல் விழுந்து காட்சிக்கு ஆழம் கூடுகிறது. ஆற்றுநீர் தன் மேலுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும் விடியலில் எழும் மூட்டம், எதிர்வெயிலில் பொன்னிறமாகத் தெரிவது சில நிமிடங்களே. கேமராவின் தானியங்கி அளவீடு அந்த வெளிச்சத்தை மங்கலான சாம்பலாக்கிவிடும் என்பதால், ஒளியளவை ஒரு ஸ்டாப் வரை (அதாவது இரு மடங்கு வரை) கூட்டி, படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வண்ணச் சமநிலையைப் பகலொளிக்குரிய 5500 கெல்வின் அளவில் நிறுத்திவிடுவதே நல்லது.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியை எப்போதும் மாட்டியிருக்குமாறு அக்கட்டுரை சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நீர்ப்பரப்புக்குச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது, அதைத் திருப்பினால் பிரதிபலிப்பு ஏறக்குறைய முழுவதும் மறைந்து, அடியிலுள்ள பாசியும் கல்லும் தெரியத் தொடங்கும். இலையுதிர்ந்த கிளைகளின் நிழலுருவம் நீரில் நெளிவதைப் படமெடுக்கச் சென்ற நான், ஒருமுறை அதையே இப்படி அழித்துவிட்டுத்தான் (அதுவும் விரல் விறைத்த குளிரில்) வீடு திரும்பினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்